சீருடையோடு முனைவர் பட்டம்: ராணுவ அதிகாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

மேஜராக இருக்கும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: “சார், சர்வீஸில் இருந்துகொண்டே பிஎச்.டி. முடிக்க முடியுமா, இல்லை பேப்பர் போட்டுவிட்டு வந்துதான் படிக்கணுமா?”

தாராளமாக முடியும். ராணுவமும் ஊடகமும் பற்றிய ஆய்வுக்காக ஜெனரல் பிபின் ராவத் 2011-ல் மீரட் சௌத்ரி சரண் சிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியபோது பணியில்தான் இருந்தார். நானும் பகுதிநேரமாகப் படித்து, பணியில் இருக்கும்போதே முடித்தவன். ஆனால் இதில் பல்கலைக்கழக விதி ஒன்று, ராணுவ விதி ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி, பாதியில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் பல்கலைக்கழகப் பக்கம். இதற்கு அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள். பகுதிநேர பிஎச்.டி.க்கு அதில் இடம் உண்டு. தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கிடையாது, அப்படி யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் (முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி) முடித்த பலரிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் இருக்கும். நீங்கள் சேரப்போகும் இடம் அதை ஏற்குமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சேர்க்கைக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைப் பயன்படுத்தும் முறை 2024-25 கல்வியாண்டில் வந்தது. நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். பாதுகாப்பு மற்றும் போர்த்திற ஆய்வு என்ற பாடமே நெட் பட்டியலில் இருப்பதால் நம் ஆட்களுக்கு வசதிதான்.

சரி, காலக் கணக்கு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண் அதிகாரிகளுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10. மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தனி. 6 ஆண்டு என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போஸ்டிங் மாறும் வாழ்க்கையில் அது ஒரு பீஸ் (குடும்பத்தோடு இருக்கக்கூடிய அமைதிப் பகுதி), ஒரு ஃபீல்ட் (எல்லை போன்ற களப்பகுதி), இன்னொரு பீஸ், அவ்வளவுதான். ஷார்ட் சர்வீஸில், அதாவது குறுகிய காலப் பணியில் இருப்பவர்கள் தங்களுடைய 10 ஆண்டில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இதில் இடறும் இடம் கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வுக்கு முன் வகுப்பில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய பாடங்கள். குறைந்தது 12 கிரெடிட், அதில் ஆய்வு நெறிமுறைத் தாளும் சேர்த்து, 55 சதவீதம் எடுத்துத் தேற வேண்டும். பகுதிநேரம் என்பதற்காக இதில் சலுகை இல்லை. ஆகவே பீஸ் ஸ்டேஷனில் கால் வைத்த முதல் வருடமே, பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து கோர்ஸ் வொர்க்கை முடித்துவிடுங்கள். படிப்பதும் எழுதுவதும் ஃபீல்டிலும் நடக்கும். என் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் ஒன்று முழுக்க ஜெராக்ஸ் கட்டுகளாகவே மலையேறியது. பங்கரில் தலையில் மாட்டும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு அத்தியாயம் எழுதினேன். வகுப்புகளை மட்டும் அங்கே கொண்டுபோக முடியாது.

அடுத்தது தடையின்மைச் சான்று, நாம் எல்லாரும் சொல்கிற என்.ஓ.சி. பகுதிநேர மாணவருக்கு இது கட்டாயம். அதில் மூன்று விஷயம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க இவருக்கு அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதுமான நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் இடம் கொடுக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்க இவரைப் பணியிலிருந்து விடுவிப்போம். நான் முதலில் கொண்டுபோன கடிதத்தில் “மேற்படிப்புக்கு ஆட்சேபணை இல்லை” என்ற ஒரே வரிதான் இருந்தது. பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பிவிட்டது. புதுக் கடிதம் மேலே போய் இறங்கி வருவதற்குள் ஒரு செமஸ்டர் போயிற்று. மூன்று வரியையும் நீங்களே வரைவாக எழுதி, விதியின் நகலோடு சேர்த்து உங்கள் சி.ஓ.விடம் (யூனிட்டின் கட்டளை அதிகாரி) கொடுங்கள். மூன்றாவது வரிக்குத்தான் யூனிட்டில் தயங்குவார்கள். கோர்ஸ் வொர்க் எந்த மாதத்தில், எத்தனை நாள் என்று கணக்காகச் சொன்னால் தயக்கம் குறையும்.

விடுப்பைப் பொறுத்தவரை, அதிகாரிக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 20 நாள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டு விடுப்பை இரண்டாகப் பிரித்து இதற்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவர்களுடைய விடுமுறையும் அதுதானே. படிப்பு விடுப்பு என்று தனியாகவும் உண்டு. திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக உறுதிப்பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும், அது உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியதும் அல்ல.

இனி ராணுவப் பக்கம். நிறையப் பேர் இதை ஆய்வேடு முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 21-ஆவது விதி, அரசியல் பற்றியோ படை சார்ந்த பொருள் பற்றியோ முன் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது, உரையாற்றவும் கூடாது என்கிறது. படைகள், நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு எல்லாமே படை சார்ந்த பொருளுக்குள் வந்துவிடும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இதேபோல அவரவர் விதி உண்டு. இவற்றுக்கும் மேலே 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம்.

ஆய்வேடு நூலகத்தில் தூங்கப்போகும் தாள்தானே என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்களுக்கு அது போகும். முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. பட்டம் கிடைப்பதற்கு முன் மின்பிரதி இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்புக்குப் போய், ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் அதன் ஷோத்கங்கா தளத்தில் உலகமே படிக்கும்படி ஏறிவிடும். ஆகவே அனுமதி வாங்க வேண்டியது சமர்ப்பிப்பதற்கு முன்னால். தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் தொடக்கத்திலேயே ஒருமுறை, முழு ஆய்வேட்டுக்கு இன்னொருமுறை என்று நான் வாங்கினேன். கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் இதே கதைதான். கோப்பு பல மேசை ஏறி இறங்கும், அதற்கென்று சில மாதங்களைக் கணக்கில் வையுங்கள்.

ஆகவே வெளியில் கிடைக்கும் ஆவணங்களை வைத்தே எழுதக்கூடிய தலைப்பாக எடுங்கள். நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கைகள், தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கைகள், நம் திருச்சியில் பிறந்த பாதுகாப்புத் துறை அறிஞர் கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழுவின் வெளியிடப்பட்ட அறிக்கை என்று பொதுவில் இருப்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். கையெழுத்துப் போட்டுப் படித்த ரகசியக் கோப்பிலிருந்து ஒரு எண் கூட உள்ளே வரக் கூடாது.

நெறியாளரைத் தேடும்போது அவர் ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் என்று பாருங்கள். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. நமக்கு இழுக்கப்போவது ஆறோ எட்டோ ஆண்டு என்பதால் இன்னும் இளையவராகப் பார்ப்பது நல்லது.

அப்புறம், நடுவில் போஸ்டிங் வந்தால் பதிவு ரத்தாகிவிடாது. புது யூனிட் முகவரியைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்து, புது சி.ஓ.விடம் பழைய அனுமதிகளின் நகலைக் கொடுத்துவிடுங்கள். என்.ஓ.சி., தலைப்பு அனுமதி, பதிவுக் கடிதம் மூன்றும் ஒரே ஃபைலில், டிரங்குப் பெட்டியில் கைக்கு எட்டும்படி மேலாக இருக்கட்டும்.