ஏர் கேவல்ரி: குதிரை இல்லாத குதிரைப்படைக்குத் தமிழில் என்ன பெயர்?

வியட்நாம் போரில் ஹெலிகாப்டர்களில் சென்று போரிட்ட அமெரிக்கப் படையைக் குறிக்கும் 'ஏர் கேவல்ரி' என்ற தொடர், அந்தப் போரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'வான் குதிரைப்படை', 'விமானக் குதிரைப்படை', சில வேளைகளில் வெறும் 'வான்படை' என்று பலவாறு பெயர்க்கப்படுகிறது. முதல் இரண்டும் இறக்கை முளைத்த குதிரைகளை நினைவூட்டுகின்றன. மூன்றாவது தவறாகவே ஆகிவிடுகிறது. ஏனெனில் அந்தப் படை அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்ததன்று, தரைப்படையைச் சேர்ந்தது. அதன் ஹெலிகாப்டர்களும் தரைப்படைக்கே உரியவை. அவற்றை ஓட்டியவர்களும் தரைப்படையினரே.

'கேவல்ரி' என்பதன் வேர் 'கபல்லஸ்' என்னும் இலத்தீன் சொல். உயர்குலக் குதிரைக்கு இலத்தீனில் 'எக்குவஸ்' என்று பெயர். 'கபல்லஸ்' என்பதோ மூட்டை சுமக்கும் சாதாரணக் குதிரையைக் குறித்த பேச்சுவழக்குச் சொல். அதுவே இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் வளர்ந்து, குதிரைவீரர் படையைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆட்களையும் குண்டுகளையும் தண்ணீரையும் காயம்பட்டவர்களையும் நாள்முழுதும் சுமந்த 'ஹியூயி' ஹெலிகாப்டரைப் பார்க்கும்போது, அந்தப் பழைய சுமைக்குதிரைப் பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது.

'ஹெலிகாப்டர்' கிரேக்க மூலங்களைக் கொண்டது: 'ஹெலிக்ஸ்' என்றால் சுருள், 'டெரான்' என்றால் இறகு. இதற்கு ஈழத்தில் வழங்கும் 'உலங்கு வானூர்தி' நல்ல ஆக்கம். 'உலங்கூர்தி' அதன் சுருக்கம். பழைய அகராதிகள் 'உலங்கு' என்பதற்குக் கொசு என்று பொருள் தருகின்றன. ஓரிடத்தில் நின்றபடியே ரீங்கரிக்கும் அந்த எந்திரத்துக்கு இந்தப் பொருளும் பொருந்திவிடுகிறது.

இந்தப் படையின் பெயரில் குதிரை எப்படி வந்தது? அமெரிக்கத் தரைப்படையின் முதலாம் குதிரைப்படை டிவிஷன் 1921 செப்டம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் உண்மையான குதிரைகளோடு அமைக்கப்பட்டது. 1943இல் குதிரைகளை விட்டுவிட்டு, பசிபிக் தீவுகளிலும் பின்னர் கொரியாவிலும் காலாட்படையாகவே போரிட்டது. மஞ்சள் கேடயத்தில் குதிரைத் தலை பொறித்த தோள்சின்னம் மட்டும் மாறவில்லை. கொரியப் போர் முடிந்த மறு ஆண்டு, 1954இல், ஜெனரல் ஜேம்ஸ் கேவின் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில், தரைப்படைக்கு மீண்டும் குதிரைப்படை வேண்டும் என்றும், தாம் குதிரைகளைச் சொல்லவில்லை என்றும் வாதிட்டார். முன்னே சென்று வேவு பார்ப்பது, பகைவனை மறித்து வைப்பது, துரத்துவது ஆகிய பழைய பணிகளை இனி ஹெலிகாப்டர் செய்யட்டும் என்பது அவர் கருத்து.

1962இல் ஜெனரல் ஹாமில்டன் ஹௌஸ் தலைமையிலான தரைப்படைக் குழு இதற்குத் திட்டம் வகுத்தது. 1963 முதல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் ஹாரி கின்னார்ட் தலைமையில் ஒரு சோதனை டிவிஷன் பயிற்சி பெற்றது. 1965 ஜூலை 1 அன்று அந்தச் சோதனைப் படைக்குக் கொரியாவில் இருந்த முதலாம் குதிரைப்படை டிவிஷனின் கொடியும் பெயரும் தரப்பட்டன. பெயருக்குப் பின்னே 'ஏர்மொபைல்' என்ற அடைமொழி சேர்ந்தது. ஏறத்தாழ 16,000 பேரும் 430க்கு மேற்பட்ட வானூர்திகளும் கொண்ட அந்த டிவிஷன், செப்டம்பருக்குள் தென் வியட்நாமின் நடு மேட்டுநிலத்தில் ஆன் கே என்னுமிடத்தில் தளம் அமைத்தது.

'ஏர்மொபைல்' என்பதை 'ஏர்போர்ன்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஏர்போர்ன்' பாரசூட்டில் குதிப்பவர்கள். அதற்கு 'வான்குடைப் படை' என்ற நல்ல தமிழ் இருக்கிறது. குதித்தவரை வந்த வழியே திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. ஹெலிகாப்டரில் இறங்கியவரையோ மறுபடி ஏற்றி வேறிடத்தில் இறக்கலாம். இந்த மீண்டும் ஏறும் வசதிதான் 'மொபைல்' என்ற சொல்லின் உட்பொருள்.

அந்த வசதியின் எல்லையையும் அதே ஆண்டு காட்டிவிட்டது. 1965 நவம்பர் 14 காலை, சூ போங் மலையடிவாரத்தில் இயா டிராங் பள்ளத்தாக்கின் 'எக்ஸ்ரே' என்ற இறங்குகளத்துக்கு லெப்டினன்ட் கர்னல் ஹரால்ட் மூரின் பட்டாலியன் (அந்த டிவிஷனுக்குள் சில நூறு பேர் கொண்ட அலகு) 16 ஹியூயிகளில் கொண்டுசெல்லப்பட்டது. ஒரு நடைக்கு ஏறத்தாழ 80 பேரைத்தான் ஏற்ற முடிந்ததால், முதலில் இறங்கியவர்கள் அடுத்த நடை வரும்வரை மலையிலிருந்து வந்த வடவியட்நாம் படைக்கு முன் குறைந்த ஆட்களோடு நின்றார்கள். குண்டுமழைக்கு நடுவே நாள் முழுதும் போய்வந்த விமானிகளில் புரூஸ் கிராண்டல் 2007இல்தான் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றார். அங்கே இறந்த அமெரிக்கர் 79 பேர். நவம்பர் 17 அன்று இன்னொரு பட்டாலியன் அங்கிருந்து 'ஆல்பனி' என்ற களத்துக்குக் கால்நடையாகப் போனது. வழியில் தாக்கப்பட்டு 150 பேருக்கு மேல் இழந்தது. பெரிய இழப்பு நடந்து போனபோதுதான் நேர்ந்தது. ஆகவே ஹெலிகாப்டர் ஏறிப் போவதற்கு மட்டும், போரிடுவது காலாள்தான். 'குதிரைப்படை' என்று மொழிபெயர்த்தால் இந்த உண்மை மறைந்துவிடுகிறது.

கண்டிப்பான பொருளில் 'ஏர் கேவல்ரி' என்பது முழு டிவிஷனையும் குறிப்பதன்று. அதற்குள் வேவு பார்த்த 9ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட்டின் முதல் ஸ்குவாட்ரனை, அதாவது பட்டாலியன் அளவுள்ள அலகை மட்டுமே குறிக்கும். அதில் வேவு ஹெலிகாப்டர்களுக்கு 'வெள்ளை', சுடும் ஹெலிகாப்டர்களுக்கு 'சிவப்பு', ஹியூயியில் வந்து இறங்கும் துப்பாக்கி வீரர்களுக்கு 'நீலம்' என்று பெயர். சின்ன ஹெலிகாப்டர் ஒன்று மர உச்சிகளை உரசியபடி பறந்து பகைவனைத் தேட, மேலே காவலாக ஒரு சிவப்பு வட்டமிடும். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்ததால் அந்த இணைக்கு 'பிங்க்' என்று பெயராயிற்று.

தமிழில் படையின் முன்னணிக்குத் 'தூசிப்படை' என்றொரு அழகான பழஞ்சொல் உண்டு. அதை இங்கே வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஹெலிகாப்டர் கிளப்பும் புழுதியைத்தான் இன்றைய வாசகர் நினைப்பார். எனவே ஸ்குவாட்ரன் அளவில் 'உலங்கூர்தி வேவுப்படை' என்பதும், 'ஏர்மொபைல்' டிவிஷனுக்கு 'உலங்கூர்திவழித் தரைப்படை' என்பதும் தக்கவை. 'டிவிஷன்' என்பதை அப்படியே விடுவது நல்லது. 'படைப்பிரிவு' என்ற சொல்லை நம் செய்தித்தாள்கள் நூறு பேருக்கும் சொல்கின்றன, பத்தாயிரம் பேருக்கும் சொல்கின்றன.

சிறப்புப் பெயரில் மட்டும் குதிரையை நீக்க வேண்டியதில்லை. 1968 ஏப்ரலில் கே சான் என்ற அமெரிக்கத் தளத்தின் மீதான முற்றுகையை உடைக்கச் சென்றதும், 1970 மே மாதம் கம்போடியாவுக்குள் நுழைந்ததும் 'முதலாம் குதிரைப்படை டிவிஷன்' என்ற அதே பெயரில்தான். 5,400க்கு மேற்பட்டோரை இழந்து 1971இல் அதன் பெரும்பகுதி நாடு திரும்பியது. 1975இல் டாங்கிப் படையாக மாறிய பின்னும் பெயரில் குதிரை இருக்கிறது. 1965 முதல் வியட்நாமில் போரிட்ட ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்தப் பெயரோடு 'உலங்கூர்திவழி' என்று சேர்த்து எழுதினால் போதும்.