ஆறாம் வகுப்பும் டூரெட்டும்

"ஏல, கண்ணச் சிமிட்டாதல" என்று ஆச்சி அதட்டினால் பேரன் கொஞ்ச நேரம் அடக்குவான். அப்புறம் மறுபடி சிமிட்டுவான். அது சேட்டை இல்லை. டிக் என்று மருத்துவர்கள் சொல்லும், அவன் நினைக்காமலே வந்துவிடும் அசைவு.

பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள், முகத்தில்தான் தொடங்கும். முதலில் கண் சிமிட்டல், பிறகு மூக்குச் சுளிப்பு, கழுத்தை வெடுக்கென்று திருப்புதல், தோள் குலுக்கல். தொண்டைச் செருமலோ மூக்குறிஞ்சலோ பின்னால் வந்து சேரும். பல அசைவுகளும் ஒரு சத்தமாவதும் 18 வயதுக்கு முன் தொடங்கி ஓராண்டைத் தாண்டினால் அது டூரெட். 1885-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா டூரெட் இதை விவரித்தார். கெட்ட வார்த்தை கத்துவதுதான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிலருக்கே வரும்.

டிக் உச்சத்துக்குப் போவது 10 முதல் 12 வயதில். நம்மூரில் பையன் ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரும் வயதும் அதுதான். அவனை முன்பின் தெரியாத ஆசிரியர், வேண்டுமென்றே செருமுகிறான் என்று பெஞ்சு மேல் ஏற்றுகிறார். பதற்றத்தில் டிக் இன்னும் கூடுகிறது. பரீட்சை, தூக்கக் கேடு, ஆனித் தேரோட்டத்துக்கு முந்தைய பரபரப்பு, எல்லாமே கூட்டும். சேர்க்கும் நாளிலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுவதுதான் சரி.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புத் திரள்கள், எந்த அசைவை விடுவது, எதை நிறுத்துவது என்று கால்வாய் மடைபோல் ஒழுங்கு செய்கின்றன. டூரெட்டில் அந்த மடை கொஞ்சம் கசிகிறது. பதின்பருவத்தில் முன்மூளை முதிர்ந்து கட்டுப்பாடு கூடுவதால்தான் டிக் தணிகிறது என்று கருதுகிறார்கள். பெரியவர்களாகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முழுக்கவே நின்றுவிடும். இன்னொரு பங்கினருக்கு நன்றாகக் குறையும். மீதிப் பேருக்குத் தொடரும்.

சிறு பிள்ளைக்கு டிக் வருவதே தெரியாது. 10 வயதை ஒட்டி, டிக் வருவதற்குச் சற்று முன் கழுத்தில் ஓர் இறுக்கம், இமையில் ஓர் எரிச்சல் வருவதை உணரத் தொடங்குவான். பயிற்சி சிகிச்சைக்குப் பிடிமானமே இந்த உணர்வுதான். இறுக்கம் வந்ததும் தாடையை லேசாகத் தாழ்த்தி, அது தணியும்வரை கழுத்தை அசையாமல் வைக்கப் பழக்குகிறார்கள். தொந்தரவு அதிகமென்றால் மருந்தும் உண்டு.

டிக் குறைந்த பிறகும் கவனக்குறைவோ, கையைத் திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சியோ சிலரிடம் தங்கிவிடும். பல நேரம் டிக்கைவிட அதுதான் படிப்பைக் கெடுக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காட்டும்போது அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.