"அஞ்சு வயசு ஆகட்டும்" என்று காத்திருக்காதீர்கள்

இரண்டு கண்ணிலும் பிறவிக் கண்புரையோடு இன்னொரு குழந்தை இந்த வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்தது. வயது மூன்றை நெருங்குகிறது. பிறந்த மாதத்திலேயே கண் பாப்பாவில் வெள்ளை தெரிந்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். "பூ விழுந்திருக்கு, வளர வளர சரியாயிடும்" என்று தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள், நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்திருக்கிறார்கள். அப்புறம் யாரோ, "அஞ்சு வயசு ஆகட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். வடசென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று எங்கிருந்து வந்தாலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை. அதைச் சொன்னவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இனி சொல்லாதீர்கள்.

அவர்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. தாத்தாவுக்கு எழுபது வயதில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள், சில நாளில் பேப்பர் படித்தார். அப்படியிருக்க, பேரனுக்கு ஐந்து வயதில் எடுத்தால் என்ன? தாத்தாவின் மூளை பார்க்கக் கற்று எழுபது வருடம் ஆகிறது. இடையில் விழுந்த திரையை விலக்கியதும் பழைய பார்வை திரும்பிவிடும். பேரனின் மூளை இன்னும் பார்க்கவே கற்கவில்லை. திரும்பி வருவதற்கு அங்கே எதுவும் இல்லை.

பார்ப்பது கண்ணோடு முடியும் வேலை இல்லை. பின்மண்டையில், பிடரிக்குச் சற்று மேலே இருக்கும் மூளைப் பகுதிதான் வெளிச்சத்தை முகமாகவும் எழுத்தாகவும் புரிந்துகொள்கிறது. அது முழுதாகத் தயாராகிப் பிறப்பதில்லை. முதல் மாதங்களில் அம்மாவின் முகம், ஜன்னல் விளிம்பு, ஆடும் துணி என்று கண்ணில் விழுகிற ஒவ்வொன்றும்தான் அங்கே நரம்பு இணைப்புகளை உறுதிப்படுத்துகிறது. பயன்படாத இணைப்புகளை மூளை கழித்துவிடும்.

1960-களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பிறந்த பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடித் தைத்து, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கண் அனுப்பிய சேதிக்கு மூளையின் பார்வைப் பகுதியில் அநேகமாக எந்த நரம்பணுவும் பதில் சொல்லவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது ஒரு பாதிப்பும் இல்லை. பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதுதான்.

ஆகவே ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை என்றால் ஆறு வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் என்றால் எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டிக் கண் தானாக ஆடத் தொடங்கிவிட்டால், நாங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கிடைக்கும் பார்வை குறைவு. "இந்த ஒடம்பு மயக்க ஊசி தாங்குமா டாக்டரம்மா?" என்று ஆயாக்கள் அழுகிறார்கள். தாங்கும். பச்சைக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கத் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எழும்பூரில் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனை, காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது: கண்ணாடி, ஒரு கண்ணில் மட்டும் புரை என்றால், ஆபரேஷன் ஆன கண்ணை மூளை பயன்படுத்துவதற்காக நல்ல கண்ணை மூடும் பேட்ச். வியர்வையில் ஒட்டவில்லை, குழந்தை பிய்த்துப் போடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். நல்ல கண்ணுக்குப் பேட்ச் போடாவிட்டால், செய்த ஆபரேஷன் பாதி வீண்.

தாமதமாகிவிட்டவர்களும் வாருங்கள். மூளை ஆராய்ச்சியாளர் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், எட்டு வயதைத் தாண்டி வட இந்தியாவில் அறுவை சிகிச்சை பெற்ற பிள்ளைகள்கூட ஓரளவு பார்க்கக் கற்றிருக்கிறார்கள். கூர்மை முழுதாக வராது. ஆனாலும் தடுமாறாமல் நடக்கவும் ஆளை அடையாளம் காணவும் உதவுகிற பார்வை சிறிய விஷயம் இல்லை.

சரி, சரிசெய்யவே முடியாத கண்கள்? விழித்திரையே பிறவியில் பழுதானவை, பார்வை நரம்பு வளராதவை. "அந்த மூளையே செத்துப்போயிருக்கும், இவனுக்கு என்ன சொல்லித்தர?" என்று அப்பாக்கள் கேட்கும்போது மனசு கனத்துப்போகிறது. சாகவில்லை ஐயா. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்தால் பார்வை நரம்பு மெலிந்திருக்கும், பார்வைப் பகுதியின் அளவும் குறைந்திருக்கும். ஆனால் அதன் மேலடுக்கு பார்வையுள்ளவர்களைவிடத் தடிமனாக இருக்கும். வழக்கமாக நடக்கும் இணைப்புக் கழித்தல் அங்கே நடக்காததே காரணம் என்று கருதுகிறார்கள். நம் ஊரில் காலி மனை எத்தனை நாள் காலியாக இருக்கும்? அந்த இடத்துக்கும் தொடுதலும் ஒலியும் மொழியும் குடிவந்துவிடுகின்றன. விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லைப் படிக்கும்போது பார்வைப் பகுதி வேலை செய்வதை நோரிஹிரோ சடாட்டோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு 1996-இல் காட்டியது. 2000-இல் வெளியான ஒரு நோயாளியின் விவரம் இன்னும் தெளிவானது: பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பின்மண்டையின் இரு பக்கமும் பக்கவாதம் தாக்கியது. விரலில் புள்ளிகள் தட்டுப்பட்டன, ஆனால் படிக்க முடியவில்லை.

இந்தக் குடியேற்றத்துக்கும் இளம் வயதுதான் நல்ல காலம். அந்தக் காலத்தைத்தான், பிள்ளையைத் தூளியில் போட்டு, பக்கத்தில் டிவியை ஓடவிட்டு வீணாக்குகிறோம். பாவம் என்று இடுப்பிலேயே வைத்திருக்காதீர்கள். தூக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எட்டிப் பிடிக்கத் தூண்டுவதற்குப் பார்வை இல்லை, ஆகவே சத்தம் வரும் பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அரிசியில் கை விடட்டும். மீன் வாங்கப் போனால் கூட்டிப்போய், இது நண்டு, இது வஞ்சிரம் என்று தொட்டுக்காட்டுங்கள். கண்டெய்னர் லாரி போனால், ரயில் போனால், அது என்ன சத்தம் என்று சொல்லுங்கள். படிக்கும் வயதில் பிரெய்ல் கட்டாயம். போனில் கேட்டுப் படிப்பது மட்டும் எழுத்தறிவு ஆகாது. பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது.

போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதா? அந்த வாரமே காட்டுங்கள். அது புரையாக இல்லாமல் விழித்திரைப் புற்றுநோயாக இருந்தால், போவது பார்வை மட்டும் இல்லை, உயிரும்தான். குழந்தையின் கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு எதுவும் விடக்கூடாது. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்து முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. இன்குபேட்டரிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். கருவிலேயே குழந்தையின் கண்ணைப் பாதிக்கும் ரூபெல்லா நோய்க்குத் தடுப்பூசி போடாத பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பத்தில் போடக்கூடாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், மூத்த குழந்தைக்குப் பார்வையில்லை என்றால் அடுத்ததைப் பெறும் முன் மரபணு ஆலோசனைக்கு வாருங்கள். அடுத்தது பிறந்துவிட்டதா? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் முன் கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள்.