பழைய காருக்கு சேல்காரர் சொல்லும் விலை எங்கிருந்து வருகிறது?

ஹட்டனில் பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்கப் போகிறீர்கள். அதே மொடலுக்கு விளம்பரங்களில் 50 இலட்சம் போட்டிருக்கும். கார் சேலில் 42, 43 என்பார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களே என்று கோபம் வரும்.

சேல்காரர் கணக்குப் போடுவது கடைசியிலிருந்து, அதாவது வண்டியை அவர் விற்கப்போகும் விலையிலிருந்து. 50 என்பது கேட்கும் விலை, பேரம் முடிந்தால் 49. அதில் டயர், பிரேக், பெயின்ட் வேலைக்கு 2 இலட்சமும் இலாபமாக 3 இலட்சமும் கழியும். வண்டி இரண்டு மாதம் நின்றால், மாதம் 1.5 வீத வட்டிப்படி முடங்கிய பணத்துக்கு இன்னும் 1.3 இலட்சம். மிச்சம் 42.7. இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், கணக்கின் வரிசை இதுவே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு, வரியோ டொலரோ அசைந்தால் வாங்கி நிறுத்திய வண்டியின் விலையும் அசையும். அந்தப் பயத்துக்கும் கொஞ்சம் பிடிப்பார்கள்.

மலைநாட்டு வண்டி என்றால் ஓடிய கிலோமீற்றரை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயரம் ஏறத்தாழ 1,400 மீற்றர் குறைகிறது. ஒரு தொன் எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் சுமார் 1.4 கோடி ஜூல் ஆற்றலை எங்கேயாவது விட்டாக வேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். ஒட்டோ கியரை 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பெரும்பகுதி டிஸ்க்கில் சூடாக இறங்கும். டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறதா என்று பார்ப்பது இதனால்தான். பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: டொட் 3 வகை புதிதில் 205 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140 பாகையே போதும். கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

மெனுவல் வண்டியை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போட்டு அக்சிலேட்டரை அழுத்துவார்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தச் செலவை அங்கேயே மனதுக்குள் கழித்துவிடுவார்கள். பெயின்டுக்கு ஒரு அளவுக்கருவி உண்டு. கம்பனிப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரோன். பல நூறு காட்டினால் அடியில் பட்டி, அதாவது நசுங்கலை நிரப்பும் பசை, இருக்கிறது. உங்கள் பக்கமும் ஒரு சாதகம் உண்டு: கடற்கரை வண்டிபோல உப்புக்காற்றில் துரு பிடித்திருக்காது. அடிப்பக்கத்தைக் கழுவிக் காட்டுங்கள். அதை விட்டுவிட்டு, கொடுக்கப்போகும் வண்டிக்கு முழுப் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. எதை மறைத்தீர்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

எக்ஸ்சேஞ்சில் ஏமாறுவது பழைய வண்டியின் விலையில் அல்ல. ஒருவர் உங்களுடையதை 43க்கு எடுத்துத் தன்னுடையதை 80க்குத் தருகிறார். இன்னொருவர் 45 தருகிறார், தன்னுடையதற்கு 83 கேட்கிறார். இரண்டாமவர் தாராளமானவர்போலத் தெரியும். கையிலிருந்து போவதோ முதலாமவரிடம் 37, இவரிடம் 38. ஆகவே மேலே கட்டவேண்டிய வித்தியாசத்தை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள்.

லீசிங் மீதி இருந்தால், முழுதாக முடிக்க எவ்வளவு என்று திகதியோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு பேரத்துக்குப் போங்கள். பெயர் மாற்றாமல் வெறும் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். வண்டி எங்கோ விபத்தில் சிக்கினால், பதிவிலுள்ள உங்களைத்தான் முதலில் தேடி வருவார்கள். ஒப்படைத்த திகதியும் நேரமும், வாங்குபவரின் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் உள்ள கடிதத்தின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.