தயாரிப்பாளர்: பணம் போடுபவரா, படம் ஆக்குபவரா?

1938 டிசம்பர் 10 இரவு, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய கல்வர் சிட்டியில் ஒரு ஸ்டுடியோவின் பின்வளாகம் பற்றி எரிந்தது. எரிந்தவை பழைய படங்களின் செட்டுகள். 'கிங் காங்'கில் வந்த பெரிய மதிலும் அவற்றில் ஒன்று. 'கான் வித் தி விண்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் அட்லாண்டா நகரம் எரியும் காட்சிக்கு வேண்டிய தீ அது. புதிய செட் போட இடம் வேண்டும், பழையதை இடித்து அள்ளவோ தனிச் செலவு. கொளுத்திவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கதாநாயகி யார் என்றே அன்று முடிவாகியிருக்கவில்லை; டூப்பை உட்கார வைத்து வண்டியை ஓட்டினார்கள். இத்தனைக்கும் பொறுப்பாக நின்ற டேவிட் ஓ. செல்ஸ்னிக் அந்தப் படத்தின் இயக்குநர் அல்லர். ப்ரொட்யூசர்.

அந்தச் சொல்லின் மூலம் லத்தீன். 'ப்ரோ' என்றால் முன்னே. 'தூகெரே' என்றால் நடத்திச் செல்வது. முன்னே கொண்டுவந்து நிறுத்துபவர் என்பது பொருள். பணம் என்ற வாடையே அதில் இல்லை. பிரிட்டிஷ் நாடக மேடையில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ப்ரொட்யூசர் என்றால் நாம் இன்று இயக்குநர் என்கிறோமே, அவர்தான். அமெரிக்க நாடக உலகத்தில் அது நாடகத்தை ஏற்பாடு செய்து, ஆள் பிடித்து, அரங்கேற்றுபவரைக் குறித்தது. ஹாலிவுட் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளை.

நம்மூரில் இதே ஆளைப் 'பட முதலாளி' என்றார்கள். பத்திரிகைகள் 'பட அதிபர்' என்று எழுதின. முதல் போடுபவர் முதலாளி, கணக்கு சுலபம். ஆனால் செல்ஸ்னிக்கிடம் இந்தக் கணக்கு உதைக்கும். மௌனப் பட வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த அவருடைய அப்பா 1923இல் திவாலானார். மகன் எம்.ஜி.எம்., பாரமவுண்ட், ஆர்.கே.ஓ. என்று ஸ்டுடியோ ஸ்டுடியோவாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, 1935இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதற்குப் பெரும் பணம் தந்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஹே விட்னி என்ற செல்வந்தர். 'கான் வித் தி விண்ட்' செலவு எகிறியபோது எம்.ஜி.எம். 12.5 லட்சம் டாலரும் நடிகர் கிளார்க் கேபிளையும் கொடுத்து, லாபத்தில் பாதியை எழுதி வாங்கிக்கொண்டது. ஆக, முதலாளி என்ற பட்டம் விட்னிக்கும் எம்.ஜி.எம்முக்கும் பொருந்துகிறது. செல்ஸ்னிக்குக்கு?

அவர் செய்ததைப் பாருங்கள். 1936இல் மார்கரெட் மிட்செலின் நாவல் உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியது அவர். திரைக்கதையை ஆள் மாற்றி ஆள் எழுத வைத்து, தானும் உட்கார்ந்து திருத்தியது அவர். இயக்குநர் ஜார்ஜ் குக்கரை, படப்பிடிப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே அனுப்பிவிட்டு விக்டர் ஃபிளெமிங்கைக் கொண்டுவந்தார். ஃபிளெமிங் களைத்துப் படுத்ததும் சாம் வுட்டை நிறுத்தினார். இயக்குநர்கள் மாறினார்கள், படம் மாறவில்லை. அது செல்ஸ்னிக்கின் தலைக்குள் இருந்த படம். உடை, வசனம், நடிகையின் புருவம் என எதுவானாலும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி அனுப்புவார். கூட வேலை செய்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது 'தயாரிப்பாளர்'. 'தயார்' தமிழில்லை, அரபி 'தய்யார்', பாரசீகம், உருது வழியே நம்மிடம் வந்தது. பறப்பது என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வேட்டைக்குப் பழக்கிய பருந்து பறக்க ஆயத்தமாக இருக்கும் நிலையைச் சொல்ல வந்த சொல் என்று பழைய அகராதிக்காரர்கள் விளக்கம் தருகிறார்கள். அந்தப் பெயர்ச்சொல்லோடு தமிழ் விகுதி சேர்ந்து 'தயாரி' என்று வினையாகி, தயாரிப்பு, தயாரிப்பாளர் என்று குடும்பமே பெருகிவிட்டது. தெலுங்கு, மலையாளம், இந்தி மூன்றும் 'நிர்மாதா' வழியில் போக, நாம் மட்டும் பருந்தைப் பிடித்துக்கொண்டோம். வானொலியிலும் 'நிகழ்ச்சித் தயாரிப்பாளர்' உண்டு. அவர் சொந்தக் காசு ஒன்றும் போடுவதில்லை, மாதச் சம்பளக்காரர். சொல்லுக்குள் பணம் இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

தனித்தமிழில் என்ன? 'உற்பத்தியாளர்' வடமொழி, அதோடு சோப்புக் கம்பெனி ஞாபகம் வரும். 'படைப்பாளர்' என்றால் எழுத்தாளர் சண்டைக்கு வருவார். என் தேர்வு 'ஆக்குநர்'. சோறு ஆக்குவது என்கிறோம்: அரிசி ஒருவர் வாங்கியிருக்கலாம், விறகு இன்னொருவர் தந்திருக்கலாம், குழையாமல் இறக்குவது ஆக்குகிறவர் பொறுப்பு. இன்னொரு வசதியும் இருக்கிறது. வள்ளுவர் 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை' என்கிறபோது ஆக்கம் என்பது லாபம். செய்வதும் ஈட்டுவதும் ஒரே வேரில்! பட உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமாகச் சொல் கிடைக்காது. கடைத்தெருவில் 'தயாரிப்பாளர்'தான் நிற்கும், அதை விரட்ட வேண்டியதும் இல்லை. பணம் மட்டும் போடுபவரை 'முதலீட்டாளர்' என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்று. 'எக்ஸிகியூட்டிவ் ப்ரொட்யூசர்' என்பதை 'தயாரிப்பு நிர்வாகி' என்று எழுதிவிடுகிறார்கள். நம் டைட்டில் கார்டில் தயாரிப்பு நிர்வாகி என்றால் படப்பிடிப்பில் வண்டி, சாப்பாடு, பேட்டா பார்ப்பவர். ஹாலிவுட்டில் எக்ஸிகியூட்டிவ் ப்ரொட்யூசர் என்பது பெரும்பாலும் பணமோ செல்வாக்கோ கொண்டுவந்தவருக்குத் தரும் பட்டம். 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்றாவது எழுதலாம்.

பட்டம் வேண்டாம் என்றவரும் உண்டு. எம்.ஜி.எம்மின் இர்விங் தால்பெர்க், 1936இல் 37 வயதில் இறக்கும்வரை, தான் ஆக்கிய படங்களின் திரையில் தன் பெயர் வர விடவில்லை. அவர் பெயரிலான ஆஸ்கர் நினைவு விருதுதான் 'கான் வித் தி விண்ட்' வெளிவந்த கையோடு செல்ஸ்னிக்குக்குக் கிடைத்தது. செல்ஸ்னிக் இதில் நேர் எதிர். வெறும் டேவிட் செல்ஸ்னிக் என்பது எடுப்பாக இல்லை என்று நடுவில் ஓர் 'ஓ'வைச் சேர்த்துக்கொண்டவர். அந்த எழுத்துக்கு விரிவு எதுவும் கிடையாது. அதுவும் அவர் தயாரிப்புதான்.