தட்டடிப் படகு: டெக் போடுவதற்கு முன் அடி அகலத்தைப் பாருங்கள்

சின்னதாக ஒரு தட்டடிப் படகை, அதாவது அடிப்பாகம் தட்டையான படகை வாங்கி, உள்ளே நிற்க மேடை போல டெக் அடித்து, சுழலும் சீட் வைத்து, பேட்டரி, மோட்டார் எல்லாம் பொருத்தி, தன் கைக்கு ஏற்ற மீன்பிடிப் படகாக மாற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது நீளம், அடுத்தது எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் தாங்கும் என்பது. கேட்க வேண்டியவைதான். ஆனால் நாளைக்கு நீங்கள் அந்தப் படகில் எழுந்து நின்று தூண்டில் வீச முடியுமா என்பதை இந்த இரண்டும் சொல்லாது. அதைச் சொல்வது படகின் அடிப்பாகம் எத்தனை அகலம் என்பதுதான், அதுவும் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளும் அளவுக்கு. ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஜான் படகு என்று சொல்லப்படும் அலுமினியத் தட்டடிப் படகுகளின் மாடல் எண்ணிலேயே இந்தத் தகவல் இருக்கிறது. 1436 என்றால் 14 அடி நீளம், அடிப்பாகம் 36 அங்குல அகலம். 1448 என்றால் அதே நீளம், 48 அங்குலம். பக்கச்சுவர்கள் மேலே போகப் போக வெளிப்பக்கம் சரிந்திருக்கும் என்பதால் மேல் விளிம்பில் அளந்தால் இதைவிட ஓர் அடிக்கும் மேலே கூட வரும். விற்கிறவர் சொல்லும் அகலம் மேலேயா கீழேயா என்று கட்டாயம் கேளுங்கள். தண்ணீரில் உட்காருவது கீழ் அகலம்.

முதலில் மிதப்பதைப் பற்றி. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான்: படகு தன் மொத்த எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும்வரை அமிழும், அதற்குமேல் அமிழாது. நன்னீர் 1 லிட்டர் 1 கிலோ. 14 அடிப் படகில் முன்பக்கம் மேலே வளைந்துவிடுவதால் தண்ணீரில் படியும் நீளம் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 36 அங்குலம் என்பது 0.91 மீட்டர். ஆக, படகு ஒரு செ.மீ. அமிழ சுமார் 32 கிலோ வேண்டும். 48 அங்குலப் படகுக்கு அதுவே 43 கிலோ. படகு, எஞ்சின், பேட்டரி, சாமான்கள் 150 கிலோ, இரண்டு ஆட்கள் 150 கிலோ, மொத்தம் 300 கிலோ என்றால் குறுகிய படகு 9 செ.மீ. ஆழம் அமிழும், அகலமானது 7 செ.மீ. இவ்வளவுதான். முழங்கால் அளவு கூட இல்லாத தண்ணீரில் இந்தப் படகுகள் போவதன் காரணம் இதுதான், எடை பெரிய பரப்பில் பிரிந்துவிடுகிறது.

மிதப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். கவிழாமல் நிற்பதில்தான் கதையே மாறுகிறது.

படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்க அடி இன்னும் ஆழமாக அமிழ்கிறது, மறுபக்கம் மேலே எழுகிறது. உடனே, தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசை அமிழ்ந்த பக்கத்துக்கு நகர்ந்து போய் படகை நிமிர்த்தப் பார்க்கிறது. அந்த விசையின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் படகின் நடுக்கோட்டை ஓர் இடத்தில் வெட்டும். அந்த இடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயர், பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் 1746-இல் விளக்கியது. விதி எளிமையானது. எல்லா எடைகளும் சேர்ந்த ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போய்விட்டால் நிமிராது. இரண்டுக்கும் நடுவே உள்ள உயரம்தான் உங்கள் பாதுகாப்பு. அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு உறுதியாகப் படகு நிற்கும்.

இங்கேதான் அகலம் வருகிறது. மெட்டாசென்டரின் உயரத்தைப் பெருமளவு முடிவு செய்வது தண்ணீர் மட்டத்தில் படகின் அகலம், அதுவும் அதன் மும்மடிப் பெருக்கம் (அகலம் × அகலம் × அகலம்). நீளத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் இந்தப் பலமும் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். அகலத்தை 36-இலிருந்து 48 ஆக்கினால், அதுவும் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் பலன் இரண்டு மடங்குக்கும் மேலே, கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஒரே ஓர் அடி அகலத்துக்கு இவ்வளவு.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் தீவிரம் புரியும். மேலே சொன்ன 300 கிலோ கணக்கையே எடுத்துக்கொண்டு, படகை ஒரு நீள்சதுரப் பெட்டியாகப் பாவித்தால், 36 அங்குலப் படகில் மெட்டாசென்டர் அடியிலிருந்து சுமார் 78 செ.மீ. உயரத்தில் வரும். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 43 செ.மீ. அளவில் இருக்கும்; கையில் 35 செ.மீ. மிச்சம், நல்ல நிலைமை. இருவரும் படகின் தரையில் எழுந்து நின்றால் ஒவ்வொருவரின் உடல் மையமும் சுமார் 40 செ.மீ. மேலே ஏறுகிறது, மொத்த எடையில் அவர்கள் பாதி என்பதால் மிச்சம் 20 செ.மீ. குறைந்து 15 ஆகிறது. கால் நடுங்கும், ஆனால் சமாளிக்கலாம். இப்போது 40 செ.மீ. உயரத்தில், பெஞ்சு மட்டத்துக்கு டெக் போட்டு அதன்மேல் இருவரும் நிற்கிறார்கள். இன்னொரு 20 செ.மீ. போய்விட்டது. கணக்கு மைனஸில் இருக்கிறது. டெக்கின் சொந்த எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதே டெக், அதே ஆட்கள், 48 அங்குலப் படகு என்றால் மெட்டாசென்டர் 180 செ.மீ. உயரத்தில் இருக்கும். எல்லாம் போக 95 செ.மீ.க்கு மேல் மிச்சம். நிஜப் படகு பெட்டி இல்லை, முன்பக்கம் ஒடுங்கும், அதனால் எண்கள் கொஞ்சம் இறங்கும். இருந்தாலும் இரண்டு படகுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது. நின்றபடி மீன் பிடிக்கவும் உயர டெக் போடவும் ஆசை இருந்தால் 48-க்குக் கீழே போகாதீர்கள் என்பதே என் தீர்மானமான கருத்து. 36 அங்குலப் படகு வீட்டில் ஏற்கெனவே இருந்தால், டெக் ஆசையை விட்டுவிட்டு, தரையை மட்டும் சமதளமாக்கி, தாழ்வான சீட் வைத்து, உட்கார்ந்தே பிடியுங்கள். அருமையான படகு அது, அந்த வேலைக்கு.

தட்டடிப் படகைப் பற்றி இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் பாறை மாதிரி அசையாமல் இருக்கும், அப்புறம் எச்சரிக்கை இல்லாமல் விட்டுவிடும். 9 செ.மீ. மட்டுமே அமிழ்ந்திருக்கும் 36 அங்குலப் படகு ஏறத்தாழ 12 டிகிரி சாய்ந்தவுடன் எழும் பக்கத்தின் அடி விளிம்பு தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். அந்த நொடியிலிருந்து தண்ணீரில் படியும் அகலம் குறைய ஆரம்பிக்கிறது, அகலம்தானே எல்லாம், நிமிர்த்தும் விசையும் எதிர்பார்த்த வேகத்தில் வளராமல் நின்றுபோகிறது. கரையோரம் ஏறிப் பார்த்து "ஆடவே இல்லையே" என்று முடிவு செய்வது அதனால்தான் ஆபத்து. இருவரும் ஒரே பக்கம் குனிந்து மீனைத் தூக்கும் தருணம்தான் உண்மையான சோதனை.

உள்ளே புகுந்த தண்ணீர் இன்னும் மோசம். தட்டையான தரை முழுக்கப் பரவி நிற்கும் தண்ணீர் படகு சாயும்போதெல்லாம் சாயும் பக்கத்துக்கே ஓடும். அதனால் ஏற்படும் இழப்பும் அகலத்தின் மும்மடியைப் பொறுத்ததுதான். எந்த அகலம் பலம் தந்ததோ அதே அகலம் அந்தப் பலத்தில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. புது டெக்குக்குக் கீழே தண்ணீர் நின்றால் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே டெக் போடும்போது பின்பக்கத்தில் தண்ணீர் சேரும் ஒரு பள்ளம், அங்கே அதை வெளியேற்ற ஒரு பில்ஜ் பம்ப், திறந்து பார்க்க ஒரு மூடி, இவை மூன்றையும் சீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சரி, இடத்துக்காக நடு பெஞ்சை அறுத்து எடுக்கலாமா? எல்லோருக்கும் வரும் ஆசை. அந்தப் பெஞ்சு உட்கார மட்டும் போட்டதில்லை. இரண்டு மெல்லிய பக்கச்சுவர்களும் உள்ளே மடங்காமலும் வெளியே விரியாமலும் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதை எடுத்தால் அதே வேலையைச் செய்ய இரு சுவர்களையும் தரையையும் இணைக்கும் சட்டம் கட்டியாக வேண்டும். இன்னொரு விஷயம், பெஞ்சுக்குள் நுரை அடைத்திருப்பார்கள். படகு முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்கிப் போகாமல் காப்பது அந்த நுரை. அலுமினியத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.7 மடங்கு, அதனால் 70 கிலோ வெற்றுப் படகு முழுக்க மூழ்கினால் அதன் எடை சுமார் 44 கிலோவாகக் குறையும். அதை மிதக்க வைக்க மட்டும் 45 லிட்டர் அளவுக்காவது நுரை வேண்டும், எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் தனி. எடுத்த நுரையைக் கணக்குப் பார்த்து வேறு இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். எடையைத் தாழ்வாக வைக்கச் சொல்கிறோமே, நுரைக்கு அது நேரெதிர்: பக்கச்சுவரை ஒட்டி உயரமாக வைத்தால்தான் தண்ணீர் நிறைந்த படகு குப்புறப் புரளாமல் நிமிர்ந்தபடி மிதக்கும். சாதாரண தெர்மோகோலைப் போடாதீர்கள், பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

டெக்குக்கு என்ன பொருள்? 18 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு 11 கிலோ வரும், 12 மி.மீ. என்றால் 7 கிலோ, 2 மி.மீ. அலுமினியத் தகடு ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. பிளைவுட் நனைந்தால் எடை இன்னும் ஏறும், ஏறிய எடை மேலேயே உட்கார்ந்திருக்கும். மரம்தான் என்று முடிவு செய்தால், செல்லரிக்காமல் இருக்கத் தாமிர உப்பு ஏற்றிய மரத்தை மட்டும் அலுமினியப் படகில் வைக்கவே கூடாது. ஈரம் பட்டதும் அந்தத் தாமிரம் வெளியே கசிந்து, அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்யும். அந்த பேட்டரியில் கரைந்து போவது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுக்கும் இதே சிக்கல் உண்டு, உப்புநீரில் ரொம்ப சீக்கிரம். திருகுக்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் வாஷரோ கடல் வேலைக்கான சீலண்டோ கொடுங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் கார்ப்பெட்டும் அடியில் காற்றுப் படாமல் செய்து தகட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்க வைக்கும்.

பழைய படகு வாங்குகிறவர்கள் அடித்தகட்டைக் கையால் தடவியே இந்த அரிப்பைக் கண்டுபிடிக்கலாம்: வெள்ளைப் பொடி, அதற்குக் கீழே ஊசிமுனைப் பள்ளம். ரிவெட் அடித்த படகு என்றால் கரையில் நிறுத்தி உள்ளே நான்கு விரல் உயரம் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெளியே கீழே குனிந்து பாருங்கள். எந்த ரிவெட் தளர்ந்ததோ அதன் தலையைச் சுற்றி ஈர வட்டம் தெரியும், கொஞ்ச நேரத்தில் சொட்டு விழும். பின்சுவரில் எஞ்சின் மாட்டும் பலகையை ஒரு சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள், உள்ளே மக்கியிருந்தால் சத்தம் மந்தமாக வரும். அந்தச் சுவரின் உயரமும் முக்கியம்: 15 அங்குலம் என்றால் குட்டை ஷாஃப்ட் (புரொபெல்லர் வரை கீழே இறங்கும் தண்டு) எஞ்சின், 20 என்றால் நீள ஷாஃப்ட். மாற்றிப் போட்டால் ஒன்று புரொபெல்லர் காற்றை இழுக்கும், இல்லை ஆழமற்ற தண்ணீரில் தரையில் இடிக்கும்.

எடையை முன்னும் பின்னும் பிரிப்பதும் டெக் திட்டத்திலேயே சேர வேண்டும். எஞ்சின், எரிபொருள், ஓட்டுகிறவர் மூவரும் பின்னால். தனியாகப் போகும்போது படகின் மூக்கு வானத்தைப் பார்ப்பது இதனால்தான். மெதுவாகப் போகிற படகு தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், 14 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்கு 9 கி.மீ. அருகில் வரும். அதைத் தாண்ட வேண்டுமானால் அடிப்பாகம் தண்ணீரைக் கீழே தள்ளித் தள்ளி மேலே எழுந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். தட்டை அடி இதில் கெட்டிக்காரன், சின்ன எஞ்சினிலேயே எழுந்துவிடும், ஆனால் பின்பக்கம் கனத்தால் எழ முடியாமல் திணறும், எழுந்தாலும் குதித்துக் குதித்துப் போகும். பேட்டரியை முன்னால் கொண்டுபோய்த் தரையோடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும் என்பதால் அதுவே நல்ல எதிரெடை. அலை அடிக்கிற பெரிய ஏரியில்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால், முன்பக்கம் மட்டும் லேசாக வி வடிவில் இருக்கும் படகைப் பாருங்கள். முழுத் தட்டை ஒவ்வொரு அலையிலும் அறைந்துகொண்டே போகும், முதுகு தாங்காது.

வாங்கிவிட்டீர்கள், டெக் எவ்வளவு உயரம் என்று இன்னும் குழப்பமா? கப்பல் கட்டுகிறவர்கள் செய்யும் சோதனையைச் சின்ன அளவில் நீங்களும் செய்யலாம். அலை இல்லாத, இடுப்பளவுத் தண்ணீரில், எஞ்சின் சாமான் எல்லாம் ஏற்றி, இருவர் நடுக்கோட்டில் ஆடாமல் உட்காருங்கள். படகருகே தண்ணீரில் நிற்கும் மூன்றாமவர் உங்களுக்காக அளக்கட்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனை நடுவிலிருந்து 40 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, படகு எத்தனை டிகிரி சாய்ந்தது என்று போனிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 300 கிலோவாக இருந்து 4 முதல் 5 டிகிரிக்குள் சாய்ந்தால் மிச்சம் ஏறத்தாழ 35 செ.மீ.; 10 டிகிரி சாய்ந்தால் 15 செ.மீ. மட்டுமே. இனி கழித்தல்தான்: ஆட்களின் எடையை மொத்த எடையால் வகுத்து, எழுந்து நிற்பதற்கான 40 செ.மீ.யோடு டெக்கின் உயரத்தைக் கூட்டி அதனால் பெருக்குங்கள். வருகிற எண்ணை மிச்சத்திலிருந்து கழித்த பிறகு கையில் 25, 30 செ.மீ. இல்லை என்றால் டெக்கைத் தாழ்த்துங்கள், அல்லது அதன்மேல் நிற்பது ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.