கரண்ட் போனதும் மெமரி கார்டுக்குள் என்ன நடக்கிறது?

நேற்று வரை ஓடிய ராஸ்பெரி பை (மெமரி கார்டிலிருந்து இயங்கும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு), கரண்ட் போய் வந்த பிறகு பூட் ஆகவில்லை என்றால், காட்பாடி பக்கம் காலேஜ் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் பலர் உடனே அதே கார்டில் மறுபடி இமேஜ் (இயங்குதளம் முழுதும் அடங்கிய கோப்பு) எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம், முதலில் போர்டில் இருக்கும் பச்சை விளக்கைப் பாருங்கள். நான்கு நான்கு முறையாகச் சிமிட்டினால் பூட் ஆகத் தேவையான ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு ஏழாகச் சிமிட்டினால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கிடைக்கவில்லை என்று அர்த்தம். சிவப்பு மட்டும் எரிந்து பச்சை அசையவே இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் கார்டிலிருந்து எதையுமே படிக்க முடியவில்லை.

கார்டை விண்டோஸ் லேப்டாப்பில் போட்டால் சின்ன பூட் பகுதி மட்டும் தெரியும், இன்னொன்றைக் காட்டி "பார்மேட் செய்யவா?" என்று கேட்கும். ஓகே கொடுத்துவிடாதீர்கள்! அது இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பில் உள்ள பகுதி, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்; நீங்கள் எழுதிய கோடெல்லாம் அங்கேதான் இருக்கிறது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் நகல் எடுத்துவிட்டு, எஃப்எஸ்சிகே என்ற கோப்பு அமைப்புப் பழுதுபார்ப்பை அந்த நகலில் ஓட்டுங்கள்.

சரி, கரண்ட் போனால் ஏன் கெடுகிறது? ஃபிளாஷ் சிப்பில் எழுதிய இடத்தின் மேலேயே திருத்தி எழுத முடியாது. எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக, ஆனால் அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய பிளாக்காக. அதனால் ஒரு வரி லாக் பதிவு எழுதினாலும், கார்டுக்குள் இருக்கும் குட்டி கன்ட்ரோலர் புதிய டேட்டாவை வேறு இடத்தில் எழுதி, தேவைப்பட்டால் பக்கத்திலிருக்கும் பழைய டேட்டாவையும் இடம் மாற்றி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் திருத்துகிறது. அந்த நொடியில் கரண்ட் போனால், நீங்கள் தொடவே தொடாத கோப்புகூடக் காணாமல் போகலாம். இஎக்ஸ்டி4-இன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கோப்பு அமைப்பைத்தான் காக்கும், கார்டின் உள் அட்டவணையில் அதற்கு வேலையே இல்லை. வேலூர் மே மாத வெயிலில் தெரு முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் ஆடும்போது மட்டமான மொபைல் சார்ஜரில் ராஸ்பெரி பையை ஓட்டுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது, 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

புதிதாக எழுதியதும் பூட் ஆகவில்லை என்றால் சந்தேகம் இமேஜ் கோப்பின் மேல். அதன் எஸ்எச்ஏ256 குறியீட்டை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எழுத்து வரிசை) விண்டோஸில் செர்ட்யூடில், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் கட்டளையால் எடுங்கள்; வரும் 64 எழுத்துகள் டவுன்லோட் பக்கத்தில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் வரிசையே வேறாகிவிடும். அது சரியாக இருந்தால் அப்புறம் கார்டு. எழுதி முடித்துக் கழற்றி மறுபடி செருகினால் பழைய கோப்புகளே தெரிகிறதா? கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டது, புதிது வாங்குங்கள். வாங்கியதை எஃப்3 மென்பொருளில் முழுசாக எழுதிப் படித்துச் சோதியுங்கள், 64 ஜிபி என்று அச்சடித்த போலியில் அவ்வளவு இடம் இருக்காது.

இரவு பகலாக ஓடும் ராஸ்பெரி பை என்றால் அதன் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே வசதியைப் போட்டுவிடுங்கள். மாற்றங்கள் கார்டுக்குப் போகாமல் ரேமில் நிற்கும், ஆஃப் ஆனதும் போய்விடும். சென்சார் டேட்டாவைத் தனியாக ஒரு யூஎஸ்பி டிரைவில் எழுதுங்கள், அப்டேட் போடும்போது மட்டும் ஓவர்லேயை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.